தலை பெருத்த புனிதர்

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்த போனில் சொன்னது ஒரே வரி. வில்யாசெரான் வீட்டுப் புனிதருக்குத் தலை பெருத்துவிட்டதாம், உடனே வர வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் சான் உர்பானோவில் தலை பெருப்பதெல்லாம் ஒரு செய்தியா? மேயருக்குப் பெருத்திருக்கிறது. மகள் துபாயில் நர்ஸாகச் சேர்ந்த நாளிலிருந்து பேக்கரிக்காரருக்குப் பெருத்திருக்கிறது. அவர்களுக்காக யாரும் துப்பறியும் ஆளைத் தேடியதில்லை.

"பல்லைக் காட்டாம வண்டியை எடுடா காண்டோய்" என்றாள் லிப்ராடா அக்கா. "ஒருத்தனை லாக்கப்ல வச்சிருக்காங்க."

லிப்ராடா அக்கா மணிலா துறைமுகச் சுங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் பெட்டிகளைத் திறந்து பார்த்தவள். மேலே பொம்மை என்று எழுதியிருந்தால் உள்ளே சிகரெட், மேலே பைபிள் என்று எழுதியிருந்தால் உள்ளே கைக்கடிகாரம். அதிலேயே பாதி ஆயுசு போனதில், எதைப் பார்த்தாலும் உள்ளே வேறு என்று நினைக்கிற புத்தி வந்துவிட்டது. ஓய்வு பெற்று ஏரிக்கரையில் காற்று வாங்க வேண்டியவள், ஊர் வம்பையெல்லாம் துப்பறிந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு, பக்கத்தில் ஆள் உட்காரப் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், நடுநடுவே வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் உத்தியோகம்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் சிற்பிகள். நானும் உளி பிடித்தவன்தான். பதினெட்டு வயதில் ஒரு மாதம் உட்கார்ந்து ஒரு குதிரை செதுக்கினேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆடு நல்லா வந்திருக்கு" என்றார். அன்றைக்கே வண்டி ஓட்டப் போய்விட்டேன்.

*

பெரிய வீட்டு அம்மாளான டோன்யா ஒனோரியா வில்யாசெரான் வரவேற்பறையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில், பேராயர்களோடு எடுத்துக்கொண்ட படங்கள் ஐந்து. முன்னால் மேசையில், சிவப்பு வெல்வெட்டின் மேல் ஒரு தலை.

இளம் முகம். தாடி இல்லை, மீசை இல்லை. கண்ணாடிக் கண்கள், அப்போதுதான் அழுது ஓய்ந்த இமைகள். அப்போஸ்தலர் யோவான். ஊர் வாயில் சான் ஹுவான்.

இந்த ஊரில் புனிதர்கள் கோயிலுக்குச் சொந்தமில்லை, குடும்பங்களுக்குச் சொந்தம். புனித வாரத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் புனிதரைச் சப்பரத்தில் ஏற்றி ஊர்வலம் விடும். ஏழை வீட்டுப் புனிதர்கள் முன்னால் புழுதியில் போவார்கள். பணக்கார வீட்டுப் புனிதர்கள் பின்னால், பேண்டு வாத்தியத்தோடு, மாதாவுக்குப் பக்கத்தில் வருவார்கள். மோட்சத்தில் என்ன வரிசையோ தெரியாது, எங்கள் தெருவில் இதுதான் வரிசை. அன்று மாலை ஐந்து மணிக்கு ஊர்வலம்.

"மாகாணத்துலயே பழைய சான் ஹுவான் எங்களோடது" என்றாள் டோன்யா. "நூத்தம்பது வருஷம். முகத்துல பெயிண்டு வெடிச்சிருந்துச்சுன்னு ரெண்டு வாரம் முன்னாடி அந்தச் சிற்பி சிரியாகோகிட்ட தலையை அனுப்பினேன். திங்கக்கெழமை பெட்டியில வந்துச்சு. நேத்து சாயங்காலம் அலங்காரம் பண்றப்போ வெள்ளி வளையத்தை மாட்டப் போனா, ஏற மாட்டேங்குது."

வளையம் என்றால் நெற்றியைச் சுற்றி உட்கார்ந்து பின்பக்கம் கதிர்கள் விரியும் ஒன்று. அக்கா அதை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தாள். புருவத்துக்கு மேலேயே சிக்கி நின்றது.

"பாவம், நூத்தம்பது வருஷமா எல்லாரும் கும்பிட்டா யாருக்குத்தான் பெருக்காது?" என்றேன்.

டோன்யாவின் விசிறி நின்றது. அக்காவின் முழங்கை என் விலாவில் இறங்கியது.

"இதை யாராச்சும் கையில தூக்கிப் பார்த்தீங்களா டோன்யா?"

"நான் எதுக்குத் தூக்கணும்? அதுக்கெல்லாம் ஆள் இருக்கு."

அக்கா தலையைத் தூக்கினாள். ஒரு கையால், இரண்டு விரலால். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். "மாவுப் பசை. இது மரமே இல்ல. பேப்பர்."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் குதிரை, சேவல், பொம்மைப் பெண் எல்லாவற்றையும் காகிதத்தில் செய்து விற்பார்கள். மரத்தில் செதுக்கிய அச்சின்மேல் மெழுகு தடவி, பசை நனைத்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் கத்தியால் பிளந்து கழற்றி, மறுபடி சேர்த்து ஒட்டி, வண்ணம் அடித்தால் பொம்மை தயார். நூறு குதிரைக்கும் அச்சு ஒன்றே.

"அச்சுக்குள்ள ஊத்தி எடுத்தா நகல் கொஞ்சம் சின்னதா வரும்" என்றாள் அக்கா. "அச்சு மேல ஒட்டி எடுத்தா, பேப்பர் கனத்துக்குப் பெருசா வரும். உங்க புனிதர் தலை மேலயே ஒட்டி எடுத்திருக்காங்க. குதிரைக்குக் கிரீடம் வைக்கிற வழக்கம் இல்லாததால, செஞ்சவங்களுக்கு வளையம் ஞாபகமே வரல."

"சிரியாகோதான்! அசலைப் பதுக்கிட்டு இந்தக் குப்பையை அனுப்பியிருக்கான். பழம்பொருள் வாங்குற மணிலா ஏஜெண்டுக்குத் தள்ளியிருப்பான்." டோன்யா எழுந்தேவிட்டாள். "அசல் தலை எங்க இருக்குன்னு அவன் வாயைத் திறக்க மாட்டேங்குறான். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் புகாரோட வருவார். நான் கையெழுத்துப் போட்டா இன்னிக்கே மாகாண ஜெயில். அதுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க."

அக்கா காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. தலையின் காதுமடலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது என்னடா காண்டோய், குழி?"

"காத்துக் குமிழியா இருக்கும்கா. பேப்பர் சரியா ஒட்டலேன்னா வரும்."

"ரெண்டு காதுலயும் ஒரே எடத்துலயா?"

நான் கூரையைப் பார்த்தேன். பதில் தெரியாதபோது அது என் வழக்கம்.

"சரி, உடம்பைப் பார்க்கலாமா?" என்றாள் அக்கா.

டோன்யா தயங்கினாள். காரணம் உண்டு. சான் ஹுவானுக்கு உடம்பே கிடையாது. பணக்கார வீட்டுப் புனிதர்கள் பலருக்கும் கிடையாது. தலையும் இரண்டு கையும்தான் சிற்பம். மீதியெல்லாம் குச்சிச் சட்டம், அதன்மேல் பட்டு, ஜரிகை, துணிப் பூ. அங்கியை விலக்கினால் மீன் காயப்போடும் சட்டத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கி மணிலாவில் தைத்தது.

கைகள் வீட்டிலேயே இருந்தன. இடக்கையில் புத்தகம். வலக்கையில் வெள்ளி இறகுப் பேனா, தங்க நூலால் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. அக்கா நூலைத் தளர்த்தினாள். பேனா பொத்தென்று கீழே விழுந்தது. மூடிய விரல்களுக்கு நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. அக்காவின் கட்டைவிரல் அதில் தாராளமாகப் போய் வந்தது. ஓட்டையின் உள்பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"எழுதுறவருக்கு இவ்ளோ பெரிய பிடியா?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான் கட்டுறோம்" என்றாள் டோன்யா. குரல் சட்டென்று விறைத்தது. "கை காணாமப் போகல. தலையைத் தேடுங்க."

வெளியே வந்ததும் அக்கா காகிதத் தலையின் கழுத்துத் துளையில் டார்ச் அடித்து என்னிடம் நீட்டினாள். "உள்ள பாரு."

பார்த்தேன். உள்பக்கத்து முதல் அடுக்கில் மெழுகுக் கறைக்கு நடுவில் ஒரு கண், ஒரு கன்னம், பாதி மீசை. ஊரில் அந்த மீசை ஒருவருக்குத்தான் உண்டு.

"நார்சிங்! போன தேர்தல்ல கவுன்சிலருக்கு நின்னாரே!"

"ஜெயிச்சவன் போஸ்டர் செவுத்துல இருக்கும்" என்றாள் அக்கா. "தோத்தவன் போஸ்டர்தான் கட்டுக் கட்டா மிஞ்சும். அது யார் வீட்டுக்குப் போச்சுன்னு பார்ப்போம். முதல்ல லாக்கப்."

*

இன்ஸ்பெக்டர் கிளாரோ எங்களைக் கண்டதும் மேசை டிராயரைச் சாத்தினார். தவக்காலத்தில் இறைச்சி ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர். டிராயரிலிருந்து பன்றிக்கறி வாசனை கம்மென்று வந்தது. நான் மூக்கை உறிஞ்சினேன். அவர் முறைத்தார்.

உள்ளே கம்பிக்குப் பின்னால் சிரியாகோ தரையில் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, ஒடிசலான ஆள். எங்கள் ஊர்ச் சிற்பிகள் மேசையில் வைத்துச் செதுக்க மாட்டார்கள். தரையில் உட்கார்ந்து, மரத்தை இரண்டு பாதத்துக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு உளி போடுவார்கள். சிரியாகோ பாதத்துக்கு நடுவில் பிடித்திருந்தது போலீஸ் சோப்பு. உளியைப் பிடுங்கிவிட்டதால் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டரின் முகம் பாதி வந்திருந்தது. தொப்பை முழுசாக வந்திருந்தது.

"பேப்பர் தலைக்கு வண்ணம் அடிச்சது நீதானே?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"சுண்ணாம்புப் பூச்சு ஏழு தடவை, தேய்ப்பு ஏழு தடவை, அதுக்கு மேல எண்ணெய் வண்ணம். பேப்பருக்கா இவ்ளோ பாடு?"

"அவருக்கும் மரியாதை உண்டில்ல?"

"அசல் எங்க?"

சிரியாகோ சோப்பைச் சுரண்டினான்.

"வித்துட்டியா?"

"அம்மா மேல சத்தியமா இல்ல."

"அப்ப காதுல இருந்த குழியைப் பத்திச் சொல்லு."

நகம் நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில் பயம் இருந்தது. திருடன் பயம் மாதிரித் தெரியவில்லை. ரகசியம் வைத்திருக்கிறவன் பயம்.

"பழைய பூச்சைச் சுரண்டி மரம் வரைக்கும் போனேன்க்கா" என்றான் மெதுவாக. "மரத்துல இருக்கிறதைத்தான் நாங்க வெளிய எடுப்போம். இல்லாததைச் சேர்க்க மாட்டோம். அதுக்கு மேல கேக்காதீங்க. ஆறு மணி வரைக்கும் விடுங்க. ஊர்வலம் ஒரு சுத்து போய் வந்துடட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

"நாலு மணிக்கு அந்தம்மா கையெழுத்துப் போடுறா. நாளைக்குப் பெரிய வியாழன், அப்புறம் வெள்ளி. கோர்ட் கிடையாது. அஞ்சு நாள் மாகாண ஜெயில்ல கெடந்துட்டு வந்தா, அப்புறம் எந்த வீட்டுலடா உன்கிட்ட ஒரு புனிதர் விரலையாவது குடுப்பாங்க?"

"தெரியும்க்கா" என்றான் சிரியாகோ. "அது தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன்."

வண்டிக்குத் திரும்பும்போது எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. தன் பிழைப்பில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறவனைக் காப்பாற்றுவது எப்படி?

*

மதியச் சாப்பாடு முடித்துப் போனபோது, நார்சிங் வீட்டு வாசலில் மீசையை முறுக்கிக்கொண்டு கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். ஐயாயிரம் போஸ்டர் அடித்து இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வாங்கியவர். சொந்தக்காரர்களே முந்நூறு பேர்.

"மிச்ச போஸ்டரையெல்லாம் என்ன அண்ணே பண்ணீங்க?" என்றேன்.

"பக்கத்துச் சந்துல டெக்லாவுக்குக் குடுத்துட்டேன். காகிதக் குதிரை செய்யுறா, பாவம். ஏன், என் மூஞ்சி எங்கயாச்சும் தெரிஞ்சுதா?"

"ஒரு புனிதர் தலைக்குள்ள இருக்கீங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியும்டா காண்டோய். ஒரு நாள் இந்த ஊர் என்னை ஏத்துக்கும்னு."

டெக்லா யார் என்று எல்லோருக்கும் தெரியும். வில்யாசெரான் குடும்பத்தின் ஏழைக் கிளை. டோன்யாவுக்குத் தூரத்துத் தங்கை முறை. அவளிடமும் ஒரு புனிதர் உண்டு. கல்லறைக்குப் போன மூன்று மரியாக்களில் ஒருத்தி, யாக்கோபின் தாய். கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்யப் போனவள் என்பதால் கையில் துடைப்பம். ஊரில் அவளுக்குப் பெயரே துடைப்ப மரியா. ஊர்வலத்தில் மூன்றாவதாகப் போவாள். முகம் உரித்த தேங்காய் போல இருக்கும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

டெக்லாவின் கொட்டகையில் கயிறு கட்டிச் சிவப்புக் குதிரைகள் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் தள்ளுவண்டியில் துடைப்ப மரியா ஊர்வலத்துக்குத் தயாராக நின்றாள். வெள்ளை முக்காடு முகத்தை மறைத்திருந்தது.

"உள்ள வரக்கூடாது" என்றாள் டெக்லா. ஐம்பது வயது, கையெல்லாம் பசை. வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

அக்கா அவளைச் சுற்றிக்கொண்டு போய் முக்காட்டை விலக்கினாள்.

அழகான பெண் முகம். கறுத்த கூந்தல், அப்போதுதான் அழுது ஓய்ந்த இமைகள், காதில் குட்டியாகத் தங்க வளையம். நான் ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்தேன். முப்பது வருஷமாக அந்த முகத்தில் கைக்குட்டையை ஒற்றி என் நெற்றியில் தேய்த்துக்கொண்டவன் நான். என் கல்யாணத்துக்கும் வண்டிக்கடனுக்கும் அதன் முன்னால்தான் முட்டி போட்டிருக்கிறேன். கூந்தலை மாற்றி முக்காடு போட்டதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"சான் ஹுவான்!" என்றேன் கடைசியாக.

"இல்லடா" என்றாள் அக்கா. "தோட்டைப் பாரு. தோடு தொங்குறது காதுல இருக்கிற துளையில. இன்னிக்குப் போட்ட துளை இல்ல. செதுக்கினப்பவே போட்டது. சுண்ணாம்புப் பட்டி வச்சு அடைச்சு மேல பெயிண்டு அடிச்சிருக்காங்க. சிரியாகோ பூச்சைச் சுரண்டினதும் துளை வெளிய வந்துடுச்சு. அதுக்கு மேல டெக்லா பேப்பர் ஒட்டினா. குழி அப்படியே பேப்பர்ல இறங்கிடுச்சு. யோவானுக்கு எதுக்குடா தோடு?"

டெக்லா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் கதை வந்தது.

நூறு வருஷத்துக்கு முன்னால் பெரிய வீட்டில் தீ. வில்யாசெரான்களின் அசல் சான் ஹுவான் அதில் கரிக்கட்டையாகிவிட்டார். டோன்யாவின் தாத்தா, "பத்திரமா வச்சிருக்கேன்" என்று சொல்லி ஏழைக் கிளையிலிருந்து மரியாவை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த புனித வாரம் பெரிய வீட்டில் சான் ஹுவான் உயிர்த்தெழுந்துவிட்டார். டெக்லாவின் வீட்டுக்கு ஒரு தேங்காய்த் தலையும் இரண்டு மொட்டைக் கையும் செய்து அனுப்பினார்கள். கேட்ட வாயையெல்லாம் அடைத்தார்கள். டெக்லாவின் ஆட்களிடம் மிஞ்சியது மரியாவின் தோடு மட்டும்.

"காது இல்லாம தோடு மட்டும் வச்சிருந்தோம்க்கா. நாங்க சொன்னா ஊரே சிரிச்சுது. சிரியாகோ துளையைப் பார்த்துட்டு நேரா இங்க வந்தான். தோட்டை மாட்டிப் பார்த்தோம். சரியா உக்காந்துச்சு. ஒரே ஒரு தடவை அவ முகத்தோட அவ போகட்டும்னு கேட்டேன். ஒரு சுத்து. அப்புறம் திருப்பிக் குடுத்துடலாம்னுதான் நெனைச்சோம்." அவள் கையைத் துடைத்தாள். "நான் ஸ்டேஷனுக்கு வரேன். தலையை எடுத்துக்கங்க. அவனை விடச் சொல்லுங்க."

அக்கா மணியைப் பார்த்தாள். மூன்றேகால்.

"நீ எங்கயும் வரவேண்டாம்" என்றாள். "முக்காட்டை எடுத்துடு. முகம் நல்லா தெரியுற மாதிரி வை. வரிசை போட்டுடுவாங்க, கிளம்பு."

"அக்கா, டோன்யா நமக்குக் குடுத்த வேலை தலையைக் கண்டுபிடிச்சுக் குடுக்குறது" என்றேன்.

"கண்டுபிடிச்சாச்சுல்ல? இப்ப அவளுக்கு வேணுமான்னு கேட்டுட்டு வருவோம்."

*

மூன்றே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் கிளாரோ டோன்யா வீட்டு வராந்தாவில் புகார்த் தாளோடு உட்கார்ந்து பிபிங்கா என்ற அரிசி அப்பம் தின்றுகொண்டிருந்தார். வாசலில் பெரிய சப்பரம், மல்லிகைச் சரம், வெள்ளி விளக்கு. பேண்டுக்காரர்கள் குழல் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே டோன்யா கறுப்பு லேஸ் முக்காட்டில் நின்றாள். "கெடைச்சுதா?"

"ஒரு துடைப்பம் வேணும்" என்றாள் அக்கா. "தென்னை ஈர்க்குத் துடைப்பம். காம்பு வச்சது."

வேலைக்காரி கொண்டுவந்தாள். அக்கா அவளை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். சான் ஹுவானின் பட்டுச் சட்டைக் கையை ஒதுக்கி, தங்க நூலைப் பிரித்துப் பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். துடைப்பக் காம்பை அந்த ஓட்டையில் செருகினாள்.

சரக்கென்று இறங்கி நின்றது. நூல் இல்லை, ஆணி இல்லை. விரல்கள் ஒவ்வொன்றும் காம்பில் சரியாகப் பதிந்திருந்தன. நான் பிடித்துக் குலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

"பேனா நூறு வருஷமா நழுவுது" என்றாள் அக்கா. "துடைப்பம் நிக்குது. கையைச் செதுக்கினவனுக்கு என்ன வேலைன்னு தெரிஞ்சிருக்கு. காதையும் அவனே துளைச்சிருக்கான். இப்ப சொல்லுங்க டோன்யா. முகத்துல பெயிண்டு வெடிச்சதுன்னுதானே சிரியாகோகிட்ட அனுப்பினீங்க? எங்க வெடிச்சுது?"

டோன்யா விசிறியை விரித்தாள்.

"நெத்தியிலயா? கன்னத்துலயா? இல்ல, காதுமடல்ல அடைச்ச பட்டி உதிர ஆரம்பிச்சுதா?"

டோன்யா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"எங்கப்பா சாகுறப்போ சொன்னார்" என்றாள். "அடிக்கடி காதைப் பார்த்துக்கோன்னு. சிரியாகோவைச் சுரண்டச் சொல்லல. அடைக்கத்தான் சொன்னேன். முட்டாப்பய, மரம் வரைக்கும் சுரண்டிட்டான்."

அப்படியென்றால் எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஒருத்தனைக் கம்பிக்குள் தள்ளியிருக்கிறாள். அதுவரை எனக்கு டோன்யாவைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். அன்றைக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

"சரி, தலை எங்க?" என்றாள் அவள்.

"கோயில் முன்னாடி நிக்குது. மூணாவது சப்பரம். போய் எடுத்துக்கங்க." அக்கா கதவைத் திறந்துவிட்டாள். "ஆனா ஊரே நிக்கும். அத்தனை பேர் முன்னாடி அந்த துடைப்ப மரியாவைக் காட்டி, 'இதுதான் என் சான் ஹுவான்'னு சொல்லணும். தோடு மாட்டியிருக்கா. அதையும் நீங்கதான் கழட்டணும். பேராயருக்கு நான் வேணா போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

சுவரில் இருந்த ஐந்து பேராயர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டோன்யா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு எழுந்து முக்காட்டைச் சரி செய்துகொண்டு வராந்தாவுக்கு நடந்தாள்.

"டோன்யா, கையெழுத்து" என்று பேனாவை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

"எதுக்கு?"

"புனிதர் தலை காணாமப் போனதுக்கு."

"யார் சொன்னா? தலை உள்ள மேசையில இருக்கே."

இன்ஸ்பெக்டர் பிபிங்காவை விழுங்கினார். "காலையில நீங்கதானே அது வெறும் பேப்பர்னு..."

"பேப்பரா?" டோன்யாவின் குரல் வாசல்வரை கேட்டது. பேண்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நூத்தம்பது வருஷத்துப் புனிதரை என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, புனித வாரத்துல, பேப்பர்னு சொல்றியா கிளாரோ?"

இன்ஸ்பெக்டர் அவசரமாக நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, புகாரை நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்தார். "அப்ப அந்த சிரியாகோ?"

"அவனை எதுக்கு உள்ள வச்சிருக்கே? பாவம், ஏழை."

*

ஐந்து மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. மூன்றாவதாக, தள்ளுவண்டியில், துடைப்ப மரியா வந்தாள். டெக்லா பக்கத்தில் நிமிர்ந்து நடந்தாள். என் முன்னால் நின்ற மீன்காரி, "இந்த வருஷம் இவளுக்கு நல்லா பெயிண்டு அடிச்சிருக்காங்க இல்ல?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, பெரிய சப்பரம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். ஊர் முழுக்க அந்த முகத்தைத் தெரியும். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருஷமாக நாங்கள் மண்டியிட்டது முகத்துக்கு இல்லை, மணிலாவில் தைத்த அங்கிக்கு என்று புரிந்தபோது எனக்கே என்மேல் வெட்கமாக இருந்தது.

கடைசியில் பேண்டு முழங்க சான் ஹுவான் வந்தார். வெள்ளி வளையத்தை விக்குக்குள் ரிப்பன் போட்டுக் கட்டியிருந்தார்கள். அது லேசாகச் சாய்ந்திருந்தது. ஜனங்கள் முண்டியடித்து ஏறி அந்தக் காகிதக் கன்னத்தில் கைக்குட்டையை ஒற்றினார்கள். நார்சிங் மட்டும் கூட்டத்துக்கு நடுவில் நின்று, தன் முகத்துக்குத் தானே கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

லாக்கப்பிலிருந்து வந்த சிரியாகோ எங்களோடு ஓரமாக நின்றான். டெக்லாவின் வண்டி திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் மூச்சு விட்டான்.

சப்பரத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியோடு நடந்து வந்த டோன்யா எங்கள் பக்கத்தில் நடையைத் தளர்த்தினாள். தலையைத் திருப்பவில்லை. ஜெபம் சொல்கிற தினுசிலேயே உதடு அசைந்தது.

"சிரியாகோ. நல்ல பட்டிகுலிங் மரமா பார்த்து வை. ஒரு தலை, ரெண்டு கை. அடுத்த தவக்காலத்துக்குள்ள வேணும். வெளிய ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"பழைய கை?"

"வந்து எடுத்துட்டுப் போ. அவகிட்டயே குடுத்துடு."

சிரியாகோ சப்பரத்தின் மேல் ஆடிக்கொண்டு போகும் அங்கியைக் கண்ணால் அளந்தான். வேலை எடுக்கும்போது எந்தச் சிற்பியும் கேட்கிற மாதிரி, வெகு பணிவாக, பக்கத்தில் நின்ற பத்துப் பேருக்கும் கேட்கும்படி கேட்டான்.

"ஆம்பளையா செதுக்கட்டுமா டோன்யா, பொம்பளையாவா?"